எதிரிப் படையில் எங்க வீட்டுக்காரர்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்க தெருத் தையல்காரி தங்கபுஷ்பம்தான். போன பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், மத்தியானம், அவள் கடை வாசலில் வைத்துச் சொன்னாள். அவள் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இன்றைக்கு இந்தத் தியேட்டரில் உங்க பக்கத்தில் உட்கார்ந்து உங்க காதைத் தின்றுகொண்டிருக்க மாட்டேன்.

படம் போட இன்னும் நேரம் இருக்கிறது இல்லையா அம்மா? விளம்பரம்தானே ஓடுகிறது. உங்க வீட்டுக்காரர் முறுக்கு வாங்கத்தானே போயிருக்கிறார், மெதுவாக வரட்டும். அதற்குள் சொல்லிவிடுவேன்.

தங்கபுஷ்பம் என்ன சொன்னாள் என்றால், "அக்கா, சினிமாவுல பெரிய நடிகருக்குச் சாவுற மாதிரி எடுத்தாவன்னா, எடுத்து முடிச்சதும் அவரை எழுப்பி உக்கார வச்சு, சிரிக்க மாதிரி ஒரு ஷாட் எடுத்துருவாவளாம். படத்துல அது வராது. ஆனா எடுத்துருவாவ. அப்பத்தான் செத்த தோஷம் அந்த ஆளை ஒட்டாது. நம்ம அண்ணாச்சிக்கு அப்பிடி எடுத்தாவளா?" என்று கேட்டாள்.

அவள் கையில் ஒரு பச்சைச் சட்டை இருந்தது. நெஞ்சுப் பக்கம் உள்ளே சின்னதாக ஒரு பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைக்குள் சிவப்புச் சாயம் வைப்பார்கள். குண்டு படுகிற நேரம் அது பொட்டென்று உடையும். அந்தச் சட்டை எங்க வீட்டுக்காரருடையது. மறுநாள் சாகிறதுக்கு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருங்க, முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்க ஊர் சாலைவிளை. திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காட்டு ஓரம். தேரி பார்த்திருக்கிறீர்களா? செக்கச்செவேல் என்று மணல், மணல், மணல். அங்கங்கே பனை, கொல்லாமரம் என்று நாங்க சொல்கிற முந்திரி, அவ்வளவுதான். சினிமாக்காரர்கள் வந்தார்கள், நடந்து பார்த்தார்கள். டைரக்டர் ஒரு பிடி மணலை அள்ளி, "இதுதான் எதிரி நாடு" என்றார். அன்றையிலிருந்து நாங்க எதிரி நாடு.

கமாண்டோ படம். நம்ம அதிகாரி ஒருத்தரை எதிரி பிடித்து வைத்திருப்பான். அவரை மீட்க ஆறேழு பையன்கள் பாராசூட்டில் குதித்து, எதிரிக்குத் தெரியாமல் அவன் நாட்டுக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து போவார்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அவர்களுடைய வேலையே. ஆனால் போகிற வழியெல்லாம் வெடிதான். எங்க ஊரில் ஒரு மாடுகூட ஒழுங்காகப் பால் கொடுக்கவில்லை. தெரியாமல் போகிறவர்கள் இப்படியா போவார்கள் என்று நான் கேட்டால், "உனக்கு யுத்தம் தெரியாது" என்பார் எங்க வீட்டுக்காரர். அவருக்கு மட்டும் என்ன தெரியும்? ரேஷன் கடையில் எடை போட்டவர்.

கமாண்டோ பையன்கள் எல்லாரும் சென்னையிலிருந்து வந்தவர்கள். நல்ல பிள்ளைகள், பெற்றவர்கள் நன்றாகச் சோறு போட்டு வளர்த்திருந்தார்கள். எதிரிக்குத்தான் ஆள் நிறைய வேண்டியிருந்தது. ஒரு கமாண்டோ ஒரு தடவை சுட்டால் ஒரு தெருவே விழ வேண்டும், இல்லையா? அதனால் எங்க ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் எதிரி ஆனார்கள். கூட்டுறவு சங்கக் கட்டடம் எதிரியோட தலைமை முகாம் ஆனது. வாசலில் ஏதோ எழுத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். இது எந்த நாட்டு எழுத்து என்று கேட்டதுக்கு, எந்த நாட்டு எழுத்தும் இல்லை, எந்த நாட்டுக்காரனும் கேஸ் போட முடியாதபடி புதுசாகச் செய்தது என்றார்கள். அந்தப் பலகையை இன்னும் கழற்றவில்லை. உரம் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

எங்க வீட்டுக்காரர் அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார், அவ்வளவுதான். காலையில் நாற்காலியைத் தூக்கி வாசலில் போடுவார், வெயில் வந்தால் தூக்கி உள்ளே போடுவார். மகன் மஸ்கட்டில், மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. பேச்சுத் துணைக்கு நான் ஒருத்தி. அவர் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். எங்க கல்யாண போட்டோவில்கூட, ஸ்டாக் எண்ண வந்த ஆபீசரைப் பார்க்கிற மாதிரித்தான் என் பக்கத்தில் நிற்பார்.

அவரையும் எதிரியாகக் கூப்பிட்டார்கள். போனார். முதல் நாள் எல்லாரும் மூட்டை சரிகிற மாதிரி சரிந்தார்களாம். இவர் அப்படி விழவில்லை. குண்டு பட்டதும் கொஞ்ச நேரம் நின்றார். நெஞ்சைக் குனிந்து பார்த்தார், தராசில் யாரோ கள்ள எடை வைத்துவிட்ட மாதிரி. பிறகு ஒரு முழங்காலைப் போட்டார். பிறகு மறு முழங்காலைப் போட்டார். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் சுண்டுவிரலை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டினாராம். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். "யாருய்யா அது" என்று கேட்டிருக்கிறார். "எங்க ஊர் எடைக்கார அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. காலையில் தாடி ஒட்டிச் சாவார். மத்தியானம் மீசை மட்டும் வைத்துச் சாவார். வெயில் தாழ்ந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து விழுந்து சாவார். வீட்டிலும் ஒத்திகைதான். குழம்பைக் கிண்டிவிட்டுத் திரும்பினால் அடுக்களை வாசலில் செத்துக் கிடப்பார். நான் தாண்டிப் போகவும் முடியாது. புருஷனைத் தாண்டலாமா? அடுப்பில் சாதம் குழைந்துகொண்டிருக்கும்.

ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் அவரைப் பார்க்க வந்தார்கள் அம்மா. ரேஷன் கார்டு வைத்திருக்கிறவர்கள், அத்தனை வருஷமாக அவர் கையால் அரிசி வாங்கித் தின்றவர்கள். வேலைவெட்டியை விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தேரியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் விழுந்ததும் ஒரே கைதட்டல். சிலபேர் டைரக்டரிடமே போய், "இன்னொரு தடவை சுடச் சொல்லுங்க சார், சரியா படல" என்று கேட்டார்கள். செல்லக்கிளி என்று ஒருத்தி, கார்டில் பேர் சேர்க்க அவரிடம் நடையாய் நடந்தவள், இலங்கையிலிருந்து விருந்துக்கு வந்த நாத்தனாரைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். ஊருக்கு எங்க வீட்டுக்காரர் மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்கும் முதலில் சந்தோஷம்தான். காலையில் குளித்து, விளக்கேற்றி, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகா, அவருக்கு ஆயுசைக் கொடு, அந்தக் கமாண்டோப் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, அவருக்குச் சோற்றைக் கட்டிக்கொடுத்து சாக அனுப்புவேன். அதில் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தங்கபுஷ்பம் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட பிறகுதான் தோன்றியது.

அன்றைக்கு அவர் வந்ததும் கேட்டேன். "உங்களைச் சிரிக்க வச்சு ஒரு ஷாட் எடுத்தாவளா?"

"எதுக்குச் சிரிக்கணும்? நான் செத்துல்லா கிடந்தேன்."

"செத்து முடிச்ச பொறவு?"

"செத்து முடிச்ச பொறவு டீ குடுத்தாவ."

பூசாரியைக் கேட்போம் என்று அய்யனார் கோயிலுக்கு நடந்தேன். எங்க பூசாரி பேர் பலவேசம். கோயில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பச்சை உடுப்பு, காலில் பூட்ஸ், ஒட்டுத் தாடியைக் கழற்றி இடுப்பில் சொருகியிருந்தான். நடை சாத்தியிருந்தது.

"பலவேசம், செத்தவர் வீட்டுக்குள்ள வரலாமாப்பா?"

"யாரு மைனி செத்தது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "மைனி, நானே காலைல தண்ணித் தொட்டி மேல நின்னு செத்துட்டு வந்திருக்கேன். சாயங்காலப் பூசைக்கு நடை தொறக்கலாமா வேண்டாமான்னு எனக்கே பிடிபடல. செத்த வீட்டுக்குப் போனாத் தீட்டு. சொந்தத்துல செத்தாத் தீட்டு. செத்தவனுக்கே தீட்டு எத்தனை நாளுன்னு எங்க அப்பா எனக்குச் சொல்லித் தரலையே."

"அப்பம் அய்யனாருக்கு விளக்கு?"

"அதான் உக்காந்து யோசிக்கேன்."

நான் என்ன செய்ய? செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலே தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். செத்தவரே வந்தால் சும்மா விடலாமா? தினமும் அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தலையோடு தண்ணீரை ஊற்றி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. நெடி வரவில்லை என்றால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் நனைந்துகொண்டே நிற்பார். தங்கபுஷ்பம் பார்த்துவிட்டு, "சுத்திப் போட்டா கண்ணேறுதான் போகும்க்கா, தோஷம் போகாது. எந்தக் கேமரா கொன்னுச்சோ அதே கேமராதான் சிரிக்க வைக்கணும்" என்றாள்.

நான் பயந்த மாதிரியே நடந்தது. ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். உடுப்பைக் கூடக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். சோறு வேண்டாம் என்றார். சாயங்காலமும் வேண்டாம் என்றார். நெற்றியைத் தொட்டால் அனலாக இருந்தது.

"என்னங்க செய்யுது?"

"இனிமே வர வேண்டாம்னுட்டாவ."

"ஏனாம்?"

"எத்தனை தாடி மாத்தினாலும் விழுற அழகுல கண்டுபிடிச்சிருதாவளாம். ஒரே ஆளு எத்தனை வாட்டி சாவான்னு படம் பாக்கவன் கேப்பானாம்." அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போனதுக்காக யாராவது சோறு வேண்டாம் என்பார்களா, அதுவும் சாகிற வேலை? எனக்குத் தெரிந்துவிட்டது, இது தோஷம். மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா செத்த வீடியோ இருந்தா அனுப்பும்மா, இங்க பசங்க கேக்காங்க" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் குளித்தேன். கொஞ்சம் திருநீறை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். டைரக்டரிடம் நேரிலே கேட்டுவிடுவது என்று தேரிக்குள் நடந்தேன். அம்மா, நான் அதிர்ந்து பேசுகிற ஆளே இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. பஸ்ஸில் மிச்சம் தரவில்லை என்றால்கூடக் கேட்க மாட்டேன்.

வழியில் கயிறு கட்டி ஆளைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரிப் படைதான் தடுத்தது. எல்லாம் நம்ம ஆட்கள், "மைனி, ஓரமாப் போயிருங்க" என்று விட்டுவிட்டார்கள். மேட்டில் ஏறி இறங்கினால், கீழே மணலில் அந்தக் கமாண்டோப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகக் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வெயிலில் அந்த மணல் எப்படிச் சுடும் தெரியுமா? என் மனசு கேட்கவில்லை. கடைசியில் ஊர்ந்த பிள்ளையிடம் குனிந்து, "ஐயா, டைரக்டர் எங்கன இருக்காவ?" என்று கேட்டேன்.

அவன் தலையைத் திருப்பாமல், "அம்மா, கேமரா ஓடுது, குனிங்க" என்றான்.

குனிந்தேன்.

"இன்னும் குனிங்க."

முழங்காலைப் போட்டேன். கையை ஊன்றினேன். அப்படியே பின்னாலேயே ஊர்ந்தேன். வேறென்ன செய்ய? நிமிர்ந்தால் படம் கெட்டுவிடும், அத்தனை பேர் உழைப்பு. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஊர்ந்தேன். எனக்கு முன்னால் போனவன் பூட்ஸிலிருந்து மணல் என் முகத்தில் அடித்தது. முன்னால் ஹீரோப் பையன் கையைத் தூக்கி நில்லுங்க என்று ஜாடை காட்டினான். எல்லாரும் நின்றார்கள், நானும் நின்றேன். போங்க என்று காட்டினான், போனோம். பக்கத்தில் எங்கேயோ வெடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் கேமரா எனக்கு நேராக இருந்தது.

"கட்" என்றார் டைரக்டர். "கமாண்டோ எத்தனை பேரு?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு அம்மா கூடுதலா இருக்காங்க சார்" என்றாள்.

நான் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக் கும்பிட்டேன். "ஐயா, நான் எடைக்கார அண்ணாச்சி வீட்டுப் பொம்பளை. அவரை நீங்க தினமும் கொன்னிய. நான் ஒண்ணும் சொல்லல, அது தொழில். ஆனா ஒரு தடவைகூடச் சிரிக்க வச்சு எடுக்கலையே. மனுஷன் சோறு தண்ணி இல்லாமக் கிடக்கார்."

"அம்மா, எதிரி சிரிச்சாப் படம் போச்சு" என்றார் டைரக்டர்.

"படத்துல போட வேண்டாம். எடுத்தாப் போதும்."

அவர் சிரிக்கப் போனார். ஆனால் பக்கத்தில் நின்ற சண்டை மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. வாட்டசாட்டமான ஆள், கழுத்தில் ருத்ராட்சம், சாமி கயிறு எல்லாம். "சார், அந்த அம்மா சொல்றது நெசம். ஹீரோவோட அப்பாவா நடிச்சவருக்கு எடுத்தோம்ல? இந்த ஊரையே கொன்னுருக்கோம், ஒருத்தருக்கும் எடுக்கல. அதான் நேத்து ஜெனரேட்டர் நின்னுச்சு" என்றார். கேமராக்காரர் லென்ஸைத் துணியால் மூடினார். லைட் பிடிக்கிறவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் சிரிப்பு எடுக்காமல் அடுத்த ஷாட்டுக்கு வர மாட்டோம் என்றார்கள். கம்பெனி மேனேஜர் தலையில் கை வைத்து மணலிலேயே உட்கார்ந்தார்.

அப்புறம் என்ன, எதிரிப் படை முழுக்க வரிசையில் நின்றது. செத்த உடுப்பிலேயே நிற்க வேண்டும் என்றார் மாஸ்டர். ஒவ்வொருத்தராக வந்து, கேமராவைப் பார்த்து ஈ என்று காட்டிவிட்டுப் போனார்கள். பலவேசம் சிரித்துவிட்டு நேராக நடை திறக்க ஓடினான். எங்க வீட்டுக்காரரைக் கம்பெனி வேனில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சலோடு வந்து நின்றார்.

சிரிக்கச் சொன்னார்கள். அவர் கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார்.

"சும்மா பல்லைக் காட்டுங்க பெரியவரே."

காட்டினார். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. இது செல்லாது என்றார் மாஸ்டர். டைரக்டர் ஒரு ஜோக் சொன்னார், லைட்மேன்கள்தான் சிரித்தார்கள். குடை பிடித்து உட்கார்ந்திருந்த செல்லக்கிளி, "அண்ணாச்சி, சர்க்கரை வந்துட்டா?" என்று கத்தினாள். "வந்தாச் சொல்லுவாவ" என்றார், பழக்க தோஷம். சிரிக்கவில்லை. கடைசியில் டைரக்டரைப் பார்த்து, "செத்தவன் எந்திரிச்சுச் சிரிச்சா, செத்ததுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையைக் கூப்பினேன். முருகா, இவர் ஒரு தடவை சிரித்தால் போதும், நாளைக்கே உன் சந்நிதிக்கு வந்து உருண்டு கும்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். நடுவில் டைரக்டர் அவரிடம், "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டதும், இவர் "ஒரு சாவு. தனியா. முகம் தெரியுற மாதிரி" என்றதும், "சரி, நாளைக்கு எடுக்கறேன், குளோசப்ல எடுக்கறேன்" என்று டைரக்டர் சொன்னதும் காதில் விழுந்தது. நான் அதில் கவனம் வைக்கவில்லை, வேண்டுதலில் இருந்தேன்.

திடீரென்று ஒரே கைதட்டல். கண்ணைத் திறந்தேன். அவர் சிரித்து முடித்திருந்தார்.

முருகன் சிரிக்க வைத்துவிட்டான் அம்மா. எத்தனை பேர் முயன்றும் நடக்காதது. நான்தான் பார்க்கவில்லை. எப்படி இருந்தது என்று செல்லக்கிளியிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு மதினி, எனக்கே பாவமாப் போச்சு" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன், நேர்த்திக்கடனைத் தள்ளிப் போடக் கூடாது. உருண்டேன், கும்பிட்டேன், நாழிக்கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அவருக்காகக் கொஞ்சம் இலைத் திருநீறும் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினால், தேரியிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகிறார்கள். தங்கபுஷ்பம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, அண்ணாச்சி இன்னிக்கு ஒரு சாவு செத்தாவ பாரு, ஒருத்தரும் கைதட்டல. செல்லக்கிளி அழுதுட்டா."

"சிரிச்சாவளா?"

அவள் முகம் செத்துப் போனது. "ஐயோ அக்கா. அதைக் கேக்க மறந்துட்டோமே."

நேற்றுச் சிரித்தது நேற்று வரைக்கும் செத்ததுக்கு. இன்றைக்குச் செத்ததுக்கு? அப்படியே பையோடு தேரிக்கு ஓடினேன். எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது, குங்குமமும் கற்பூரமுமாக. ஹீரோப் பையன் அன்றைக்கே வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று படத்தையே முடித்துவிட்டார்களாம்.

மாஸ்டரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா, பூசணிக்கா உடைச்சாச்சு. உடைச்ச பொறவு கேமராவைத் தொறந்தா இந்தப் படத்துக்கே ஆகாது. என் கையாலயே உடைச்சேனேம்மா" என்றார். கேமராக்காரர் பெட்டியைப் பூட்டி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் எனக்காகக் கை கட்டி நின்ற அதே ஆட்கள்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நம்பிக்கை உள்ளவர்கள் அப்படித்தான் இருக்க முடியும்.

எங்க வீட்டுக்காரர் ஓரமாக நின்று முகத்திலிருந்த சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "எங்க போயிருந்த?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு."

"ஓ" என்றார். அவ்வளவுதான். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அன்றையிலிருந்து இன்று வரைக்கும் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை அம்மா. அவர் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். போனில் சிரிக்க வைத்துப் படம் எடுக்கலாம் என்றாலும் அவர் சிரிக்க மாட்டேன் என்கிறார். போன வாரம் தங்கபுஷ்பம்தான் ஒரு வழி சொன்னாள். "படம் வரத்தானே செய்யும்? அந்த இடத்துல நீ கண்ணை மூடிக்கோ. பொண்டாட்டி கண்ணுல படாத சாவு சாவே இல்லைக்கா." யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது.

ஆனால் பாருங்க, இன்றைக்குக் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டே சொல்கிறார். "மத்த சாவெல்லாம் நீ பாக்காட்டாலும் பரவால்ல. அதெல்லாம் தாடிதான். கடைசியில ஒண்ணு வரும், தனியா. அதை மட்டும் பாத்துரு. அது நான்." என்னிடம் அவர் இதுவரைக்கும் எதுவும் கேட்டதே இல்லை. தண்ணீர்கூட அவரே எடுத்துக் குடிப்பார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்ய?

அதோ, இரண்டாவது வரிசையில் வழுக்கைத் தலை தெரிகிறதா? வெள்ளைச் சட்டை. அவர்தான். அந்த வரிசை முழுக்க எதிரிப் படைதான், எங்க ஊர் ஆட்கள். சேர்ந்து உட்கார வேண்டும் என்று போய்விட்டார்கள். பாருங்க, திரும்பிப் பார்க்கிறார், நான் இருக்கிறேனா என்று. இருக்கிறேன், இருக்கிறேன்.

உங்க வீட்டுக்காரரும் வந்துவிட்டார். விளக்கை அணைக்கிறார்கள். ஒரே ஒரு உதவி அம்மா. அந்தக் கடைசி இடத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்க எனக்காக நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்க. எந்தப் பக்கமாக விழுந்தார், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, முகம் எப்படி இருந்தது, அதை மட்டும் மெதுவாக என் காதில் சொல்லிவிடுங்க. வீட்டுக்குப் போனதும் கேட்பார்.